பதினாலு வயதுப் பிள்ளைக்கு ‘நெவர்மைண்ட்’ கொடுக்கலாமா?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் பிளாட்பாரக் கடைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் அந்தக் கறுப்பு டீ-ஷர்ட் எங்கேயாவது கண்ணில் பட்டுவிடும். மஞ்சள் கோடுகளில் வரைந்த, கோணலாகச் சிரிக்கும் ஒரு முகம், கண் இருக்க வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி, வெளியே துருத்திய நாக்கு, மேலே ஆங்கிலத்தில் நிர்வானா. வாங்கிப் போடுகிற பிள்ளைகளில் பலருக்கு அது ஒரு ராக் குழுவின் பெயர் என்று தெரியாது. தெரிந்துதான் போட வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. என் அக்கா மகளும் அப்படித்தான் ஒன்று வாங்கினாள். ஒன்பதாவது படிக்கிறாள், பதினாலு வயது. டியூஷனில் ஒரு பையன், “இதுல எத்தனை பாட்டு உனக்குத் தெரியும், சொல்லு” என்று மடக்கியிருக்கிறான். அந்த ரோஷத்தில் ராத்திரியே உட்கார்ந்து ‘நெவர்மைண்ட்’ ஆல்பத்தை முழுசாகக் கேட்டிருக்கிறாள். அப்புறம் விடவில்லை.

அக்காவிடமிருந்து எனக்குப் போன் வந்தது. “இன்னாடி பாட்டு இது? அட்டையில ஒரு கைக்குழந்தை துணி இல்லாம தண்ணியில மிதக்குது. பாடினவன் தற்கொலை பண்ணிக்கினவனாம். ஒன்பதாவது படிக்கிற புள்ளைக்கு இதெல்லாம் தேவையா? நீதான் அந்தக் காலத்துல கேட்டுனு இருந்தியே, நீயே சொல்லு.”

போனில் நான் சொன்ன பதில் சின்னது. கேட்கட்டும், ஒரே ஒரு பாட்டை மட்டும் நான் வந்து கூட உட்கார்ந்து கேட்கிறேன் என்றேன். ஆனால் இதே கேள்வியை, வேறு வேறு ஆல்பங்களின் பெயரில், என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் பிள்ளைகளின் அம்மாக்களும் கேட்டிருக்கிறார்கள். அதனால் நீளமான பதிலை இங்கே எழுதுகிறேன்.

கேட்காதவர்களுக்காக ஆல்பத்தைப் பற்றி முதலில். ‘நெவர்மைண்ட்’ 1991 செப்டம்பர் 24 அன்று வெளியானது. நிர்வானாவில் மூன்றே பேர். கர்ட் கோபேன் பாட்டும் கிட்டாரும், கிறிஸ்ட் நோவோசெலிக் பேஸ் கிட்டார், டேவ் குரோல் டிரம்ஸ். புட்ச் விக் தயாரித்தார். அதில் பெரும்பகுதியை 1991 மே, ஜூன் மாதங்களில் கலிஃபோர்னியாவில் சவுண்ட் சிட்டி என்ற ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். யாரும் பெரிதாக எதிர்பார்க்காத அந்த ஆல்பம் 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் ‘டேஞ்சரஸ்’ ஆல்பத்தைப் பின்னுக்குத் தள்ளி அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. ஆல்டர்நேட்டிவ் ராக் என்று அதுவரை கல்லூரி வானொலிகளில் ஒதுங்கிக் கிடந்த இசை பெரிய சந்தைக்கு வந்ததில் இந்த ஆல்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

கோபேன் பிறந்த ஊர் அபர்டீன், வாஷிங்டன் மாநிலத்தில் மரம் வெட்டிப் பிழைத்த ஊர். அந்தத் தொழில் படுத்துக்கொண்டிருந்த காலத்தில் வளர்ந்தவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் பிரிந்தபோது அவருக்கு ஒன்பது வயது. பதினாலாவது பிறந்தநாளுக்கு சைக்கிள் வேண்டுமா, கிட்டார் வேண்டுமா என்று மாமா கேட்க, கிட்டாரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பள்ளிக்கூடத்தை முடிக்காமல் பாதியில் விட்டுவிட்டு, பிற்பாடு அதே பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலைக்குப் போனார். எங்கள் பெரியப்பா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். 1996-இல் மில் மூடியபோது புளியந்தோப்பு, பெரம்பூர் பக்கத்தில் எத்தனை அப்பாக்கள் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு, போக இடமில்லாமல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள் என்று பார்த்தவள் நான். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அபர்டீனை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நான் இந்த ஆல்பத்தைக் கேட்டது பிளஸ் ஒன் படிக்கும்போது. பெரியம்மா மகன் கப்பலில் வேலைக்குப் போனவர். லீவில் வரும்போது கொண்டுவந்த கேசட்டுகளில் இதுவும் ஒன்று. ஒரு வரி புரியவில்லை. எனக்கு ஆங்கிலம் போதாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், கோபேன் வார்த்தைகளை மென்று விழுங்கிப் பாடுவார். ஆல்பத்தின் உறையிலும் பாட்டு வரிகளை முழுசாக அச்சிடவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துண்டு வரிகள்தான். முழு வரிகளும் அச்சில் வந்தது 1992-இல் ‘லித்தியம்’ பாட்டைத் தனியாக வெளியிட்ட சிங்கிளோடுதான். ஆக, அமெரிக்கப் பிள்ளைகளே பல மாதங்கள் அர்த்தம் பிடிபடாமல்தான் கூடப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அர்த்தம் தெரியாமல் எனக்குள் போனது சத்தம். சரணத்தில் அடக்கி வாசித்துவிட்டு, பல்லவியில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் வெடிப்பது. மறுபடி அடங்குவது. மறுபடி வெடிப்பது. முதல் பாட்டின் ஆரம்பத்தில் சுத்தமான கிட்டார் நாலு கார்டு வாசிக்கும், டிரம்ஸ் தடதடவென்று இறங்கும், அதே நாலு கார்டு கரகரப்போடு திரும்ப வரும். பதினாறு வயதில், வீட்டில் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச முடியாமல் இருந்தபோது, என் நெஞ்சுக்குள் நடந்ததை யாரோ வெளியே இருந்து வாசித்தது போல இருந்தது. கத்த வேண்டும் என்று இருந்தது, எனக்குப் பதில் அவர் கத்தினார். அது எனக்கு நல்லது செய்தது. அக்கா மகளுக்கும் செய்கிறது என்று நினைக்கிறேன். கணக்குப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி ‘பிரீட்’ பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் தூங்கினாளாம்.

இனி வயது விஷயத்துக்கு வருகிறேன். பாட்டுக்கு வயது வரம்பு ஒட்டுகிற பழக்கம் அமெரிக்காவில் 1985-இல் சூடு பிடித்தது. டிப்பர் கோர் என்பவர், தன் 11 வயது மகள் கேட்டுக்கொண்டிருந்த, பிரின்ஸ் என்ற பாடகரின் பாட்டு வரிகள் காதில் விழுந்து பதறிப்போனார். வாஷிங்டன் அரசியல் வட்டாரத்துப் பெண்கள் சிலரோடு சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கினார். அந்த செப்டம்பரில் செனட் விசாரணையே நடந்தது. ஃபிராங்க் ஸப்பா, ஜான் டென்வர், டீ ஸ்னைடர் என்ற இசைக்கலைஞர்கள் மூவரும் போய் எதிர்த்துச் சாட்சி சொன்னார்கள். கடைசியில் இசை நிறுவனங்கள் பெற்றோருக்கான எச்சரிக்கைச் சீட்டு ஒட்ட ஒப்புக்கொண்டன. இன்று ஆப்பில் பாட்டின் பக்கத்தில் சின்னதாக வரும் ‘இ’ என்ற ஆங்கில எழுத்து அதன் வாரிசு. நம் ஊரில் தணிக்கை வாரியம் பார்ப்பது சினிமாவை. தனி இசை ஆல்பத்துக்கு யு, யுஏ, ஏ எதுவும் கிடையாது. ஆகவே பெற்றோருக்குக் கையில் இருப்பது அந்த ஒற்றை எழுத்துதான்.

அது போதாது. அந்த எழுத்து முக்கியமாக வார்த்தையைப் பார்க்கிறது, பாட்டு எதைச் சுமந்துகொண்டிருக்கிறது என்று பார்ப்பதில்லை. லிங்கின் பார்க் என்ற ராக் குழுவின் ‘ஹைப்ரிட் தியரி’, 2000-இல் வந்தது, ஒரு கெட்ட வார்த்தை இல்லாத ஆல்பம். ஆனால் அதைப் பாடிய செஸ்டர் பென்னிங்டன் சின்ன வயதில் தனக்கு நடந்த கொடுமையையும் போதைப் பழக்கத்தையும் பற்றி வெளிப்படையாகவே பேசியவர். அந்தப் பாரம் ஒவ்வொரு பாட்டிலும் இருக்கிறது. 2017-இல் அவரும் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வார்த்தையை மட்டும் பார்த்தால் அது எல்.கே.ஜி. பிள்ளைக்கும் தரலாம் என்று வரும். ‘நெவர்மைண்ட்’டிலும் கெட்ட வார்த்தை மிகக் குறைவு. அம்மாக்கள் கவலைப்பட வேண்டியது அங்கே இல்லை.

அக்கா வீட்டில் டிவியில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். காதலை மறுத்த பெண்ணைத் திட்டி, குடித்துவிட்டு ஆடுகிற பாட்டுக்கு மூன்று வயதுப் பேரப்பிள்ளை வரை ஆடுகிறது. இதையும் கேட்டுப் பார்க்க வேண்டும் அக்கா என்று சொன்னேன். ‘நெவர்மைண்ட்’டில் பெண்ணைக் கேவலப்படுத்தி ஒரு பாட்டு கிடையாது. ‘டெரிட்டோரியல் பிஸிங்ஸ்’ என்று பெயரே முகம் சுளிக்க வைக்கும் பாட்டில், அறிவாளியான ஆணை நான் பார்த்ததில்லை, அப்படி ஒருவர் இருந்தால் அது பெண்ணாகத்தான் இருக்கும் என்கிற பொருளில் ஒரு வரி வருகிறது. அக்காவுக்கு அந்த வரியைச் சொன்னதும் பாட்டின் பெயரை மன்னித்துவிட்டாள்.

அடுத்தது சாவு. பாடினவன் செத்துப்போனவன், பாட்டு முழுக்க சோகம், பிள்ளை மனசு கெட்டுவிடும் என்பது அக்காவின் பெரிய பயம். இதில் எனக்கு ஒன்று விளங்கவில்லை. நம் பிள்ளைகள் சாவைப் பாட்டில் கேட்காமலா வளர்கிறார்கள்? தெருவில் ஒரு சாவு விழுந்தால் பந்தல் போட்டு, ராத்திரி முழுக்க மரண கானா. செத்தவரின் பெயரை வைத்து, அவர் ஓட்டிய ரிக்‌ஷாவை வைத்து, விட்டுப்போன பொண்டாட்டி பிள்ளையை வைத்து அங்கேயே கட்டிப் பாடுவார்கள். விடிந்ததும் பறை, பூ, பட்டாசு. ஊர்வலம் மூலக்கொத்தளத்துக்கோ காசிமேட்டுக்கோ போகும், சின்னப் பிள்ளைகள் முன்னால் ஆடிக்கொண்டு போகும். அதைக் கேட்டு யாரும் கெட்டுப்போனதாக இந்தப் பக்கத்தில் சொல்ல மாட்டோம். அழுகையை வெளியே எடுத்துப் போடுகிற வேலையை அந்தப் பாட்டு செய்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒரே ஒரு வித்தியாசம் உண்டு, அதை அக்கா சரியாகவே பிடித்தாள். “கானாவை நாலு பேர் நடுவுல உட்காந்து கேக்குது. இதை ரூமுக்குள்ள காதுல மாட்டினு தனியா கேக்குதே” என்றாள். நியாயமான பேச்சு. நான் இந்த ஆல்பத்தைப் பற்றி என்ன நினைக்கிறேனோ அதில் பாதி அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. கானாவில் பாடுகிறவர் எதிரே இருக்கிறார், பக்கத்தில் அத்தை இருக்கிறாள், அழுதால் தோளைப் பிடிக்க ஆள் இருக்கிறது. ஹெட்போனுக்குள் யாரும் இல்லை. அதற்காக ஒவ்வொரு பாட்டுக்கும் அம்மா கூட உட்கார வேண்டும் என்று சொல்ல மாட்டேன். அப்படி உட்கார்ந்தால் பிள்ளை அந்த ஆல்பத்தையே வெறுத்துவிடும். தன் அறைக்குள், தன் சத்தத்தில் கேட்க அதற்கு உரிமை வேண்டும். பன்னிரண்டில் பதினொன்றை அதன் கையிலேயே விட்டுவிடலாம்.

மீதி ஒன்று ஆறாவது பாட்டு, ‘பாலி’.

ஆல்பத்தில் அமைதியான பாட்டுகளில் ஒன்று அது. அக்கூஸ்டிக் கிட்டார், கொஞ்சம் பேஸ், எங்கோ நடுவில் சிம்பல் ஓசை. மற்றவை போல சவுண்ட் சிட்டியில் பதிவு செய்யாமல், 1990 ஏப்ரலில் மேடிசன் என்ற ஊரில் பதிவு செய்ததை அப்படியே எடுத்துப் போட்டார்கள். அந்த சிம்பலைத் தட்டியவர் டேவ் குரோலுக்கு முன்னால் குழுவில் இருந்த சாட் சானிங். பக்கத்து அறையில் கேட்டால் தாலாட்டு என்று நினைப்பீர்கள். வாஷிங்டன் மாநிலத்தில் டகோமா நகரத்தில் 1987-இல், ஒரு இசை நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த 14 வயதுப் பெண்ணை ஒருவன் கடத்திப்போய்ச் சித்திரவதை செய்தான். கோபேன் அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்து இந்தப் பாட்டை எழுதினார். எழுதியது அந்தப் பெண்ணின் வாயிலிருந்து அல்ல. கடத்தியவனின் வாயிலிருந்து, அவன் சாவகாசமாகப் பேசுவது போல. அவனை ஒரு வார்த்தை திட்டுவதில்லை. அதுதான் பாட்டின் பலம், ஆபத்தும் அதுதான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தண்டையார்பேட்டையில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் இரண்டு பேரும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காது மாட்டிக்கொண்டு கேட்டோம். அவள் ஏற்கெனவே பலமுறை கேட்டிருந்தாள். நடுவில் ஓரிடத்தில் கோபேன் ஒரு அடி முன்னாலேயே பாட ஆரம்பித்து, சட்டென்று நிறுத்திக்கொள்வார். அந்தத் தவறை அழிக்காமல் ஆல்பத்தில் அப்படியே விட்டார்கள். அவள் அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். “சித்தி, இங்க பாரு, மிஸ் பண்ணிட்டாரு” என்று விரலால் தாளம் போட்டுக் காட்டினாள். ஆனால் பாட்டு எதைப் பற்றி என்று அவளுக்குத் தெரியவில்லை. கிளி வளர்ப்பதைப் பற்றி என்று நினைத்திருந்தாள். பாட்டில் கிளிக்குப் பிஸ்கட் கொடுப்பது போல ஒரு வரி வருவதால் அப்படி நினைத்ததில் குற்றம் இல்லை.

நடந்ததைச் சொன்னேன், அவள் வயதுக்கு எவ்வளவு சொல்ல வேண்டுமோ அவ்வளவு. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் முதல் கேள்வி, “அந்தப் பொண்ணு தப்பிச்சிட்டாளா?”

தப்பித்துவிட்டாள் என்றேன். அவன் பெட்ரோல் போட வண்டியை நிறுத்தின இடத்தில் இறங்கி ஓடினாள். பாட்டின் கடைசிச் சரணத்திலும் அது கொஞ்சம் இருக்கிறது, தான் அசந்த நேரத்தில் அவள் ஏதோ செய்துவிட்டாள் என்று அவனே வியந்து சொல்வான். அவள் உடனே போனை எடுத்துப் பின்னால் தள்ளி அந்தச் சரணத்தை மட்டும் இரண்டு தடவை கேட்டாள். “அப்ப ஏன் சித்தி அவளைப் பாடவிடாம அவனைப் பாட வச்சாரு?” என்று கேட்டாள். இது பெரிய கேள்வி. எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். இப்படிப்பட்ட ஆள் நெற்றியில் கொம்போடு வருவதில்லை, மெல்லிய குரலில், நல்லவன் மாதிரி, கொஞ்சம் அலுத்துக்கொண்டு பேசுவான், அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டு வைத்துக்கொள் என்றுதான் இந்தப் பாட்டை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஒரு விஷயம் சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன். அன்றைக்கே அவளே அம்மாவிடமும் சொன்னாள். செய்ய வேண்டியதைச் செய்தோம். இப்போது அவள் போகிற வழி வேறு, கூடப் போக ஆளும் உண்டு. இப்படி ஏதாவது நடந்தால் 1098 என்று குழந்தைகளுக்கான உதவி எண் ஒன்று இருக்கிறது, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள யாரும், அவர்களுக்காக வேறு யாரும், எந்த நேரத்திலும் கூப்பிடலாம் என்பதைப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லி வையுங்கள்.

பெண் பிள்ளையை வைத்தே பேசிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பாட்டைப் பையன்களோடு உட்கார்ந்து கேட்பது அதைவிட அவசியம். இரண்டு ஆண்கள் இந்தப் பாட்டையே பாடிக்கொண்டு ஒரு பெண்ணை வன்கொடுமை செய்தார்கள். அந்தச் செய்தி கோபேனை நொறுக்கியது. 1992-இல் வந்த நிர்வானாவின் ‘இன்செஸ்டிசைட்’ ஆல்பத்தின் உறையில் அதைப் பற்றி அவரே எழுதினார். அந்த மாதிரி ஆட்கள் நம் ரசிகர் கூட்டத்தில் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு வாழ்வது கஷ்டமாக இருக்கிறது என்ற பொருளில். தன்பாலீர்ப்பாளர்களை, வேறு நிறத்தவரை, பெண்களை வெறுக்கிறவர்கள் எங்கள் நிகழ்ச்சிக்கு வர வேண்டாம், எங்கள் ஆல்பத்தை வாங்கவும் வேண்டாம் என்று அதே உறையில் கேட்டுக்கொண்டார். 1993 ஏப்ரலில் போஸ்னியப் போரில் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்காக சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் ஒரு நிதி நிகழ்ச்சியும் நடத்தினார்கள். எழுதியவரின் மனசு எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது பாட்டுக்குள் இல்லை, பாட்டுக்கு வெளியே இருக்கிறது. பதினாலு வயதுப் பையனிடம் அதை யாராவது சொன்னால்தான் தெரியும். அர்த்தம் தெரியாமல் கூடப் பாடுகிறவனைப் பற்றி இதே ஆல்பத்தில் இரண்டாவது பாட்டே இருக்கிறது, ‘இன் புளூம்’. என் வகுப்பில் பத்தாவது பையன்கள் ‘பாலி’யை முணுமுணுத்ததைக் கேட்ட அன்றே பாடத்தை நிறுத்திவிட்டு இதைத்தான் பேசினோம். ஒரு பையன், “அப்ப நாங்க இதைப் பாடவே கூடாதா மிஸ்?” என்று கேட்டான். யாராக நின்று பாடுகிறாய் என்று தெரிந்துகொண்டு பாடு என்றேன்.

எங்கள் வீடு கிறிஸ்தவ வீடு, ராயப்பர் கோயிலுக்குப் போகிற வீடு. அதனால் பத்தாவது பாட்டைப் பற்றியும் அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். ‘ஸ்டே அவே’ பாட்டு முடிகிற இடத்தில், கடவுள் தன்பாலீர்ப்பாளர் என்று கோபேன் கத்துவார். சீண்டுவதற்காகவே கத்துகிற வரி அது, ஆழமாக யோசித்து எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அடிபடுகிற பிள்ளைகளின் பக்கம் நின்று சீண்டுகிறார். பள்ளியில் நடையைப் பார்த்துக் கேலி செய்யப்படுகிற பையன்களை எனக்குத் தெரியும், அவர்களில் ஒருவனுக்காவது இந்த வரி தெம்பு கொடுத்திருக்கும். அக்காவுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டியதும் இல்லை. ஜெபத்தை விட்டுவிடச் சொல்லி இந்த ஆல்பம் எங்கேயும் சொல்லவில்லை என்று மட்டும் காட்டினேன். ஐந்தாவது பாட்டு ‘லித்தியம்’, நேசித்தவளை இழந்த ஒருவன் தன்னை மாய்த்துக்கொள்ளாமல் இருக்க விசுவாசத்தைப் பற்றிக்கொள்வதைப் பற்றியது. கோபேனே கொஞ்ச காலம் பக்தியான ஒரு நண்பனின் குடும்பத்தோடு தங்கியிருந்தவர். கோயில் பாடகர் குழுவில் பாடுகிற எங்கள் பிள்ளைக்கு ஆல்பத்திலேயே பிடித்த பாட்டு அதுதான். எனக்கும் அதுதான்.

இனி கோபேனின் மரணம். 1994 ஏப்ரல் 5, வயது 27. அதைப் பிள்ளைகளிடம் மறைக்க முடியாது, டீ-ஷர்ட் போட்ட அன்றே யாராவது சொல்லிவிடுவார்கள். எப்படிச் சொல்கிறோம் என்பதில் கவனமாக இருக்கலாம். 27 வயதில் செத்த பெரிய கலைஞர்கள் என்று ஒரு பட்டியல் போட்டு, அதில் ஏதோ மகிமை இருப்பது போல வீடியோக்கள் சுற்றுகின்றன. அதை உடைக்க வேண்டும். தீராத வயிற்று வலி, ஹெராயின் பழக்கம், மனச்சோர்வு, இவற்றோடு போராடிய ஒரு மனிதர் அவர். இரண்டு வயது நிரம்பாத மகளை விட்டுப் போனார். பாட்டு அவரைக் கொல்லவில்லை, நோய் கொன்றது, அந்த நோய்க்கு வைத்தியம் உண்டு என்று நேராகச் சொல்லுங்கள். அவர் இறந்தபோது அமெரிக்காவிலும் எல்லோரும் பயந்தார்கள், ரசிகர்கள் வரிசையாகப் பின்தொடர்வார்கள் என்று. சியாட்டில் பகுதியில் டேவிட் ஜோப்ஸ் முதலிய ஆய்வாளர்கள் ஆராய்ந்து பார்த்ததில் தற்கொலைகள் கூடவில்லை. உதவி எண்களுக்கு வந்த அழைப்புகள்தான் கூடின. செய்தி சொன்னவர்கள் அந்த மரணத்தைப் புகழாமல் உதவி எண்களையும் சேர்த்துச் சொன்னதும், அவர் மனைவி கர்ட்னி லவ் கூடியிருந்த ரசிகர்களுக்கு ஒலிபரப்பிய செய்தியில் தன் கோபத்தை மறைக்காமல் கொட்டியதும் காரணமாக இருக்கலாம் என்றார்கள். சோகப் பாட்டு கேட்கிற பிள்ளை எல்லாம் ஆபத்தில் இருப்பதாகப் பதற வேண்டாம். தூக்கம் போய்விட்டதா, சாப்பாடு இறங்கவில்லையா, கூட்டாளிகளை விட்டு ஒதுங்குகிறதா, பிரியமாக வைத்திருந்த பொருளையெல்லாம் எடுத்துக் கொடுக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் ஆல்பத்தைப் பிடுங்குவதால் ஒன்றும் ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்து, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 14416, 104 இரண்டும் இலவச உதவி எண்கள், தமிழில் பேசலாம். சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பு ‘சிநேகா’வும் இருக்கிறது.

அட்டைப் படத்தைப் பற்றி அக்கா கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நாலு மாதக் குழந்தை, நீச்சல் குளம், தூண்டிலில் மாட்டிய ஒரு டாலர் நோட்டு. பிறந்ததிலிருந்தே காசைத் துரத்த வைக்கிறார்கள் என்கிற கேலி. அதில் ஆபாசம் இல்லை என்பது என் எண்ணம். ஆனால் அந்தக் குழந்தை வளர்ந்து 2021-இல் அந்தப் படத்துக்காக வழக்குப் போட்டார். பேசத் தெரியாத வயதில் எடுத்த படம் ஊருக்கெல்லாம் போகலாமா என்பது நல்ல கேள்வி. பிள்ளையைக் குளிப்பாட்டும் வீடியோவை ஸ்டேட்டஸில் போடுகிற சொந்தக்காரர்கள் நம் வீட்டிலும் உண்டு. இதை அக்கா மகள்தான் எடுத்துச் சொன்னாள்.

ஒரு ஆபத்து உறுதியாக இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. காது. இந்த இசை அடங்கியிருந்துவிட்டுத் திடீரென்று வெடிக்கிற இசை. பஸ் இரைச்சலில் மெல்லிய இடம் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள், பல்லவி வந்ததும் அத்தனையும் காதுக்குள் இறங்கும். பெரியவர்களுக்கு 80 டெசிபல், பிள்ளைகளுக்கு 75 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரத்துக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் அளவு சொல்லியிருக்கிறது. போனிலேயே சத்தத்துக்கு வரம்பு வைக்கலாம். எங்கள் பிள்ளையின் போனில் வைத்துவிட்டோம்.

இதோடு சேர்த்து அவளுக்கு நான் கொடுத்த இன்னொன்று, தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற சென்னை இசைக்குழுவின் பாட்டுகள். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் அவர்களின் முதல் நிகழ்ச்சி. கானாக்காரர்களும் ராக் கிட்டாரும் ராப்பும் ஒரே மேடையில். அபர்டீன் பையனின் கோபம் பிடித்த பிள்ளைக்கு தன் பக்கத்துத் தெருக் கோபமும் அதே கிட்டாரில் கேட்கும் என்று தெரிய வேண்டும். அவளுக்குப் பிடித்திருக்கிறது. அக்காவுக்கு அதைவிடப் பிடித்திருக்கிறது.

ஆக, ‘நெவர்மைண்ட்’ பதின்மூன்று, பதினாலு வயதுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், ‘பாலி’யைக் கேட்கும்போது நம்பிக்கையான பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இப்போது அவள் அடுத்த ஆல்பம் 1993-இல் வந்த ‘இன் யூட்டெரோ’வைக் கேட்கலாமா என்று ஆரம்பித்திருக்கிறாள். அதில் ஒரு பாட்டின் தலைப்பிலேயே வன்கொடுமை இருக்கிறது. அந்தப் பெயருக்கும் பின்னட்டைப் படத்துக்கும் பயந்து அமெரிக்காவில் வால்மார்ட் விற்க மறுத்தது, 1994-இல் இரண்டையும் மாற்றிய பதிப்பு வந்த பிறகுதான் விற்றது. பாதிக்கப்பட்டவர் அடங்காமல் எதிர்த்து நிற்கிற பாட்டு அது, நல்ல பாட்டு. ஆனால் கிண்டலும் வலியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் ஆல்பம், குரலும் இன்னும் ரணமாக இருக்கும். பதினாறு ஆகட்டும் என்று சொல்லியிருக்கிறேன். பதினைந்தரைக்கு ஒப்புக்கொள்ளச் சொல்லிப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறாள்.